துளுக்காத கிடா

துளுக்கு. ஒரே ஒரு தரம் துளுக்கிவிடு. பூசாரி ஊற்றின மஞ்சத்தண்ணி காதோரம் வழிந்து தாடியில் சொட்டுகிறது, முதுகு மயிர் நனைந்து படிந்து கிடக்கிறது, ஈரம் பட்டால் எந்த ஆடும் உடம்பை ஓர் உலுக்கு உலுக்கி உதறத்தான் செய்யும், அதற்குச் சாமிகூட வேண்டாம், தூறலில் நனைந்த குட்டி உதறுவதில்லையா, நீ மட்டும் என்ன நட்ட கல் மாதிரி நிற்கிறாய். எங்கள் பக்கம் இதைத்தான் துளுக்குவது என்போம். நேர்ந்துவிட்ட கிடா துளுக்கினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள், வெட்டலாம். துளுக்காவிட்டால் எங்கேயோ குற்றம் இருக்கிறது, பங்காளிகளில் யாரோ மனசில் எதையோ வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள், அது யார் என்று தெரிகிறவரை கத்தி எழாது. நல்லப்பன் மாமா செம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கிறார். அவர்தான் பூசாரி, எங்கள் கூட்டத்தில் மூத்தவர், ஆத்தாவுக்கே மாமன் முறை என்று கேலி செய்வார்கள். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொள்கிறார். என் வீட்டுக்காரர் மாதேசன் கிடாவின் கயிற்றைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்க்கிறார். ஏன் என்னைப் பார்க்கிறார், நான் என்ன செய்தேன், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கைகூப்பி நிற்கிறேன், எல்லாரும் எப்படி நிற்கிறார்களோ அப்படித்தான். இடுப்பில் அந்த நார் உறுத்துகிறது. ஒரு சாண் வாழைநார். அதைத் தூக்கி எறியாமல் எதற்கு மடியில் செருகினேனோ தெரியவில்லை.

நீ துளுக்கிவிட்டால் நீ அதைத் தின்னவில்லை என்று நான் நம்பிக்கொள்வேன். தின்றிருக்க மாட்டாய். உன் கழுத்து மாலை வண்டிக் கம்பியில் மாட்டி அறுந்திருக்கும், பாதி காற்றில் பறந்திருக்கும், அப்படி ஆகக்கூடாதா என்ன. ஆனால் உன் கடைவாயில் பச்சை நுரை. துடைத்துவிட்டேன், மறுபடி வருகிறது. காலையில் குட்டியானை வண்டியில் ஏற்றும்போது எப்படித் திமிறினாய், பூபதியை முட்டிக் கீழே உட்காரவைத்தாய், இவன் பிழைத்ததுக்கு நேர்ந்த கிடா இவனையே முட்டுது பாரு என்று எல்லாரும் சிரித்தார்கள். பூபதி என் மகன். பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவன் எழுந்து நடந்தால் உனக்கு ஒரு கிடா தருகிறேன் என்று ஆத்தாவிடம் சொன்னேன். நடந்தான். உன்னைப் பால்மறந்த குட்டியாக வாங்கிவந்து அகத்தி, கடலைக்கொடி, வேப்பந்தழை என்று பார்த்துப் பார்த்துப் போட்டு வளர்த்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் அண்டவிடவில்லை. எங்களுடையது அரளிக்காடு. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. கிளை கழித்தால் அந்தத் தழையை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குழியில் போட்டு மூடுவோம். பச்சையாக இருந்தால் ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், கசப்பு. வாடிவிட்டால்தான் ஆபத்து, வாடின அரளியை ருசியாகத் தின்னும், தின்றால் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி விழுந்துவிடும். எங்கள் ஊரில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா. தெரிந்த கையால்தான் கட்டினேன்.

மற்றவர்கள் கோயில் வாசலில் விற்கிற மாலையில் ஒன்றை வாங்கி, வெட்டுகிற நேரத்துக்குக் கழுத்தில் போடுவார்கள். எனக்கு அது போதவில்லை. சொந்தக் காட்டில் பூ கொட்டிக்கிடக்கும்போது கடைப் பூவா. நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்து கட்டினேன், செவ்வரளி மொட்டு, நடுநடுவே பச்சைக்கு அரளித்தழையே, முழங்காலுக்குக் கீழே தொங்குகிற மாதிரி. மருக்கொழுந்து வைத்திருக்கலாம். துளசி வைத்திருக்கலாம். அரளிக்கு அரளித்தழையே வைத்தால்தான் பார்க்கிறவர்களுக்கு இது பாவாயி காட்டுப் பூ என்று தெரியும். கொழுப்பு, வேறென்ன. கோயிலுக்குப் போய்ப் போட்டிருக்கலாம், வீட்டிலேயே போட்டு ஊர்த்தெரு வழியாக வண்டியை விடச் சொன்னேன். அதுவும் கொழுப்புதான். யார் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். செங்கமலம் பார்க்க வேண்டும். செங்கமலம் என் ஓரகத்தி, மாதேசனின் தம்பி சின்னுவுக்கு வாக்கப்பட்டவள், எங்கள் காட்டை ஒட்டித்தான் அவர்கள் காடு. எங்களுக்குள் பேச்சு நின்று ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்படிப்பட்டவள் இன்றைக்குக் காலையில் தானாக வந்தாள். வாழையிலையில் சுற்றின சாமந்தி மாலை, மஞ்சள் சாமந்தி, நெருக்கமாகக் கட்டினது. "அக்கா, கிடாக்குப் போடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாலு பேர் பார்க்கிறபோது வாங்காமல் இருக்க முடியுமா. வாங்கினேன். "அங்க போயி போட்டுக்கலாம்" என்று கூடையில் தேங்காய்க்கு அடியில் திணித்தேன். நசுங்கும் என்று தெரிந்தேதான் திணித்தேன். அவள் அங்கேயே நிற்க, அவள் பார்க்கப் பார்க்க, என் அரளி மாலையை எடுத்து உன் கழுத்தில் போட்டேன்.

வண்டியில் உன்கூட நான்தான் உட்கார்ந்து வந்தேன். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால்கூட உன் வாயைப் பார்த்திருப்பார்கள். நீ கால்மடக்கிப் படுத்துவிட்டாய், அத்தனை நீள மாலை உன் மூஞ்சிக்கு முன்னால் தரையில் சுருண்டு கிடந்தது, வெயில், காற்று, கட்டி ஒரு ராத்திரி ஆன தழை. நான் என்ன செய்தேன். பின்னால் வந்த வேனையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் செங்கமலம் ஜன்னலோரம் இருந்தாள். மாலையைப் பார்க்கிறாளா, மூஞ்சி சுருங்குகிறதா, அதுதான் எனக்கு வேலை. வளைவு திரும்பும்போதெல்லாம் வேன் மறையும், நான் எட்டிப் பார்ப்பேன், வேன் தெரியும், முந்தானையைச் சரிசெய்துகொண்டு ராணி மாதிரி உட்காருவேன். கோயில் வந்து இறக்கும்போதுதான் பார்த்தேன். மாலையில் கீழ்ப்பாதி இல்லை. நார் மட்டும் ஈரமாக, மென்று துப்பினது மாதிரி தொங்கியது. அப்போது கத்தியிருக்க வேண்டும். ஐயோ தின்னுருச்சே என்று ஒரு வார்த்தை, அதற்குமேல் என்ன வேண்டும், யாராவது வண்டியைத் திருப்பியிருப்பார்கள். வாய் வரவில்லை. அரளிக்காட்டுக்காரி தன் கிடாவுக்கே அரளியைக் கட்டிக் கொடுத்துத் தின்னவைத்தாள் என்று ஊர் சிரிக்குமே, அவள் சிரிப்பாளே என்றுதான் முதலில் தோன்றியது. கிடா முதலில் தோன்றவில்லை. ஆண்கள் பந்தல் துணியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொங்கின நாரை அறுத்து மடியில் செருகினேன். மிச்ச மாலையைக் கழற்றிக் கூடைக்குள் தேங்காய்க்கு அடியில் தள்ளினேன். கழுத்து வெறுமையாக இருந்தால் கேட்பார்களே. அங்கே கைக்கு அகப்பட்டது சாமந்தி மாலை. அதை எடுத்து உதறிப் போட்டுவிட்டேன். நசுங்கித்தான் இருந்தது, ஆனாலும் பார்க்க மாலையாகத்தான் இருந்தது.

"பாவாயி, தேங்காயை எடு" என்கிறார் மாதேசன். மூன்றாவது தரம் தண்ணீர் ஊற்றுமுன் ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு பெண் கூடைப் பக்கம் குனிகிறாள். "இரு, நான் எடுக்கறேன்" என்று ஓடுகிறேன், கூட்டத்தில் ரெண்டு பேர் காலை மிதித்துக்கொண்டு ஓடுகிறேன், ஒரு தேங்காய்க்கு யாராவது இப்படி ஓடுவார்களா. கையை விட்டால் தேங்காய்க்கு முன்னால் அந்தத் தழைதான் கையில் படுகிறது, மெத்தென்று, சூடாக. தேங்காயை எடுத்துக்கொண்டு துணியை மேலே இழுத்து மூடுகிறேன். மாமா உடைக்கிறார், ரெண்டாகச் சரியாகத்தான் உடைகிறது, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், மறுபடி மஞ்சத்தண்ணி, இந்தத் தரம் முதுகு முழுக்க. துளுக்கவில்லை. பல்லைக் கடிக்கிறது, நறநறவென்று எனக்குக் கேட்கிறது, வேறு யாருக்கும் கேட்கவில்லையா. பின்னங்காலை அகட்டி நிற்கிறது. வந்ததிலிருந்து அசைபோடவே இல்லை. எங்கள் பக்கத்துக் காட்டு ராசம்மாவின் வெள்ளாடுகள் இப்படித்தான் நின்றன, கழித்த கிளையை யாரோ வரப்பில் போட்டுவிட்டுப் போனார்கள், மத்தியானம் நின்றுகொண்டிருந்தவை பொழுது சாயுமுன் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, ராசம்மா அவற்றைக் கறிக்குக்கூடக் கொடுக்காமல் குழிவெட்டிப் புதைத்தாள். ஏன் புதைத்தாள். அரளி தின்ற கறியைத் தின்றால் மனுஷருக்கு என்ன ஆகும், எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் யாரும் தின்று பார்த்ததில்லை. ஒன்றும் ஆகாதோ என்னவோ. அந்தப் பக்கம் அடுப்பு மூட்டிவிட்டார்கள், வெங்காயம் உரித்துக் குவித்துவிட்டார்கள், எங்கள் வழக்கத்தில் முதலில் ஈரலைத்தான் வதக்குவோம், முதலில் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்போம். செங்கமலத்தின் பேத்தி இப்போதே தட்டோடு அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறது. வெட்டினால் அதற்குத்தான் முதல் வாய். துளுக்காதே. முதலில் துளுக்கு என்றேன், வேண்டாம், துளுக்கவே துளுக்காதே, நின்றபடியே நில்லு, திரும்பிப் போய்விடலாம்.

"குத்தம் இருக்குது" என்கிறார் நல்லப்பன் மாமா. சொல்லிவிட்டார். குரல் உயர்த்தாமல் கணக்குப்பிள்ளை மாதிரி சொல்கிறார். "ஆத்தா வாங்க மாட்டேங்கறா. யார் மனசுல என்ன இருக்குதோ இங்கயே சொல்லிப்போடுங்க. மறைச்சு வெச்சுட்டு சாமி முன்னால நிக்காதீங்க." கூட்டம் ஒருவரையொருவர் பார்க்கிறது. ஒரு பெரியவர் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாததைச் சொல்லி விழுந்து கும்பிடுகிறார். இன்னொருத்தர் போன வருஷம் கோயில் வரியே கட்டவில்லை என்று சொல்கிறார், சிலர் சிரிக்கிறார்கள். பூபதி எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நான் பைக்ல விழுந்தப்ப குடிச்சிருந்தேன், அதைச் சொல்லணுமா?" என்று காதோரம் கேட்கிறான். பாவிப்பயலே, அன்றைக்கு என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாயே. "சும்மா இருடா" என்கிறேன். இவன்கூடச் சொல்ல வருகிறான், எனக்கு வாய் இல்லை. சொல்லிவிடு பாவாயி, இதுதான் நேரம், எல்லாரும் ஏதேதோ சொல்கிறார்கள், அதோடு அதாக நீயும் சொல், பெரிதாகக்கூடத் தெரியாது. இவர் சொல்லி முடித்ததும் சொல்கிறேன். அந்தக் கிழவி முடித்ததும். தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும், கனைத்தால் எல்லாரும் திரும்புவார்கள், திரும்பினால் சொல்ல முடியாது. அப்போதுதான் மாமா குனிந்து கிடாவின் கழுத்தைப் பார்த்துக் கேட்கிறார், "மாலை யாரோடது?"

யாரோடது என்று எல்லாருக்கும் தெரியும். காலையில் வாசலில் நாலு பேர் பார்த்தார்களே. "செங்கமலம் கொண்டாந்தது" என்று ஒரு குரல். "ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லியே?" என்று இன்னொரு குரல். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்புகிறது, காற்றடித்த சோளம் மாதிரி. மாலையால்தான் என்று முணுமுணுக்கிறார்கள், மனசில் விஷத்தை வைத்துக்கொண்டு மாலை கொடுத்தால் ஆத்தா வாங்குவாளா என்கிறார்கள். விஷம் என்றே சொல்கிறார்கள். இது நான் நினைத்ததில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. மறைக்கத்தான் அந்த மாலையைப் போட்டேன், அவளை மாட்டிவிட இல்லை, கைக்கு அகப்பட்டது அதுதான், வேறு மாலை இருந்திருந்தால் வேறு மாலையைப் போட்டிருப்பேன். யாரிடம் சொல்கிறேன் இதை. சின்னு தலையைக் குனிந்துகொள்கிறான். செங்கமலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருகிறாள், பேத்தியைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, ஆத்தாவுக்கு முன்னால் மண்டியிடுகிறாள். அவளுக்கு என்னைவிட வயசு குறைவு, இருந்தும் முழங்கால் வலியால் ஒரு கையை ஊன்றித்தான் உட்கார முடிகிறது. "ஆத்தா, நான்தான்" என்கிறாள். "அன்னிக்கி அக்கா காட்டுக்குப் பூப் பறிக்கப் போற ஆளுங்களை நான்தான் எங்க காட்டுக்குக் கூப்புட்டுக்கிட்டேன். எங்க காட்டுல பூ அள்ள முடியாம கெடந்துச்சு, ஒரு நாளுக்குத்தானேன்னு கூப்புட்டேன். அக்கா காட்டுல மொட்டு முச்சூடும் விரிஞ்சு போச்சு. கேட்டப்ப அவங்களா வந்தாங்கன்னு பொய் சொன்னேன். என்னை மன்னிச்சுரு."

ரெண்டு வருஷமாக நான் கேட்க ஏங்கின வார்த்தை. அன்றைக்கு விடிந்து போய்ப் பார்த்தால் காடு முழுக்கச் சிவப்பு, மொட்டெல்லாம் வாய்பிளந்து சிரிக்கிறது, விரிந்த பூவை மார்க்கெட்டில் தொடமாட்டார்கள், வரப்பில் உட்கார்ந்து அழுதேன். இவள்தான் செய்தாள், ஒருநாள் இவள் வாயாலேயே சொல்லவைக்கிறேன் என்று சாணி அள்ளும்போதும் பூ கட்டும்போதும் நினைத்து நினைத்துக் கிடந்தேன். சொல்லிவிட்டாள். நாலு பேர் அறிய, சாமி அறிய, மண்டியிட்டுச் சொல்லிவிட்டாள். ஒரு சொட்டுச் சந்தோஷம் வரவேண்டுமே. மூஞ்சியில் யாரோ துப்பினது மாதிரி இருக்கிறது. அவள் சொன்ன பொய்க்கு அவள் அழுகிறாள், நான் என் பொய்யைத் தேங்காய்க்கு அடியில் வைத்துவிட்டு நெற்றி நிறையத் திருநீறோடு நிற்கிறேன். ஓரகத்தி என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூசுகிறது. மாமா அவள் தலையில் திருநீறு போட்டு, செம்பை எடுத்து, கடைசித் தரம் என்று சொல்லிக் கிடாவின் தலையில் கவிழ்க்கிறார். கிடா நடுங்குகிறது. முன்னங்கால் முதலில், பிறகு தொடை, பிறகு உடம்பு முழுக்க, நிற்காமல் நடுங்குகிறது. துளுக்கு ஒரு நொடியில் முடிந்துவிடும், இது முடியவில்லை. துளுக்கு இல்லை இது. ஆனால் "துளுக்கிருச்சு!" என்று கத்துகிறார்கள், பம்பை அதிர்கிறது, பெண்கள் கைகூப்பி அழுகிறார்கள், பாத்தியா, செங்கமலம் சொன்னதும் ஆத்தா வாங்கிட்டா பாத்தியா என்கிறார்கள். வெட்டுகிறவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுகிறார். பேத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறது.

"வெட்டாதீங்க!" என்று ஒரு சத்தம். என் சத்தம்தான். எப்படி வந்தது என்று தெரியவில்லை, ஓடிப்போய்க் கிடாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறேன், தலைமுடி அவிழ்ந்து முதுகில் விழுகிறது. பம்பை நின்றது, உடனே முன்னைவிட வேகமாக எழுந்தது. "ஆத்தா வந்துட்டா! பாவாயி மேல ஆத்தா வந்துட்டா!" ஐயையோ, இல்லை, இல்லை என்று வாயைத் திறக்குமுன் ஒரு குடம் மஞ்சத்தண்ணியை என் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். மலைச் சுனைத் தண்ணீர், முதுகுத்தண்டில் ஐஸ் மாதிரி இறங்குகிறது. என் உடம்பு உலுக்கிக்கொண்டது. தலை, தோள், இடுப்பு, ஓர் உலுக்கு, சுத்தமான துளுக்கு. கிடாவுக்கு வராதது எனக்கு வந்துவிட்டது. கூட்டம் அப்படியே தரையில் விழுகிறது. கையில் வேப்பிலையைத் திணிக்கிறார்கள். "தாயீ, எதுக்கு வெட்டாதேங்கற, எங்ககிட்ட என்ன கொறை கண்ட, சொல்லு தாயீ" என்று நல்லப்பன் மாமா, என்னைச் சின்ன வயசிலிருந்து ஏ பாவாயி என்று கூப்பிடுகிற மனுஷர், குனிந்து கைகட்டிக் கேட்கிறார். வழி திறந்துவிட்டது. பெரிய வழி. இந்தக் கிடா எனக்கு வேண்டாம், இதைக் காட்டில் விட்டுவிடு, வேறொன்று கொண்டுவா என்று கண்ணை உருட்டிச் சொன்னால் போதும். மறுபேச்சு பேசமாட்டார்கள். பிள்ளைகள் தின்னமாட்டார்கள். கூடையை யாரும் பார்க்கமாட்டார்கள். சாயங்காலம் கிடா எங்கேயாவது விழுந்து கிடந்தால் ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்பார்கள். இனி ஊரில் என்னைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டுவார்கள். சொல்லப் போனேன். மறைப்பானேன், மூச்சு இழுத்துச் சொல்லவே போனேன். "வேண்டாம்டா எனக்கு" என்று அந்தக் குரலில் ஆரம்பித்துக்கூட விட்டேன்.

அப்போது காலில் ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால் செங்கமலம். நெற்றியை என் பாதத்தில் வைத்து, ரெண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் உன் கோவம் தீரலியா ஆத்தா, இன்னும் என்ன சொல்லணும்னு கேளு, சொல்லிப்போடறேன்" என்று அழுகிறாள். கண்ணீர் விரலிடுக்கில் சூடாக இறங்குகிறது. அந்தப் பாதத்தை இழுத்து எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "எந்திரி" என்றேன், சாமி குரலில் இல்லை, தண்ணீர் மொள்ளும்போது பேசுகிற குரலில். "எந்திரி செங்கமலம். ஆத்தாவும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் பாவாயிதான். கிடா அரளி தின்னுருச்சு. நான் கட்டுன மாலையை, வண்டியில, தின்னுருச்சு." மாமா நம்பவில்லை, சாமி மலையேறிவிட்டது என்று நினைத்துத் திருநீறு பூச வருகிறார். கையைத் தட்டிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தேன். தேங்காய் உருண்டது, வாழைப்பழம் விழுந்தது, கடைசியில் பாதி மாலை விழுந்தது, என் மடியிலிருந்து நாரையும் எடுத்து அதன்மேல் போட்டேன். அரளிக்காட்டு ஜனம், பார்த்ததும் புரிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மாதேசன் கயிற்றை விட்டுவிட்டுக் கிடாவின் வாயைத் திறந்து மோந்து பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். பூபதி போனைக் காதில் வைத்துக்கொண்டு டவர் கிடைக்கிற இடம் தேடி ஓடினான். கீழே ஊரில் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவைப் பிடித்துவிட்டான். "அடுப்புக்கரியை நல்லா நுணுக்கித் தண்ணியில கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தச் சொல்றாங்க, பொறையேறிரக் கூடாதாம், நடக்கவே உடக்கூடாதாம், தூக்கி வண்டியில போட்டுக் கொண்டாரச் சொல்றாங்க" என்று அங்கிருந்தே கத்தினான். ஈரல் வதக்க மூட்டின அடுப்பிலிருந்து கரியை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார்கள். அம்மியில் அதை நுணுக்கினது யார் என்று பார்த்தேன். செங்கமலம்தான், கையெல்லாம் கரி, மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டு நுணுக்குகிறாள். "தெரியாம நடந்ததுதானே, விடு பாவாயி" என்று ஒரு பெண் என் முதுகைத் தடவினாள். "அழுவாத, சொன்னியே அதுவே பெருசு" என்றாள் இன்னொருத்தி. தடவத் தடவ எனக்கு உடம்பு கூசியது. எதைச் சொன்னேன், பாதியைத்தானே சொன்னேன்.

வண்டி இறங்குகிறது. கிடாவின் தலை என் மடியில். கரித்தண்ணி வழிந்து புடவை கருப்பாகிவிட்டது. எதிரில் செங்கமலம், அவளாகத்தான் ஏறினாள், யாரும் கூப்பிடவில்லை, விலாவில் கைவைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். வளைவில் வண்டி சாயும்போது கிடாவின் தலை சரியாமல் நான் பிடிக்கிறேன், கால் உதையாமல் அவள் பிடிக்கிறாள். காது சில்லென்று இருக்கிறது. கண் திறந்துதான் இருக்கிறது, என்னைப் பார்க்கிறதா தெரியவில்லை. பிழைத்துக்கொள், இனி எந்தச் சாமிக்கும் உன்னைக் கொடுக்கமாட்டேன், சாகும்வரை என் வாசலில் கிட. இதையும் ஒரு வேண்டுதலாகச் சொல்கிறேனே, யாரிடம் சொல்கிறேன். செங்கமலம் கிடாவின் கழுத்திலிருந்து சாமந்தி மாலையை மெதுவாகக் கழற்றுகிறாள், மூச்சுக்கு இடைஞ்சல் என்று. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நசுங்கின பூவை விரலால் நீவுகிறாள். "அக்கா" என்கிறாள். "காத்தால நீங்க வாங்கிக் கூடைக்குள்ள வெச்சப்ப, இது கிடா கழுத்துக்குப் போவாதுன்னுதான் நெனைச்சேன். கோயில்ல எறங்கிப் பார்த்தா கழுத்துல எம் மாலை. எனக்கு அழுவையே வந்துருச்சுக்கா. அக்கா மனசு எறங்கிருச்சுன்னு அவருகிட்டச் சொன்னேன். அதனாலதான் அத்தனை பேரு முன்னாடி அந்த ஆளுங்க விசயத்தைச் சொல்ற தைரியமே வந்துச்சு. இல்லாட்டி சாவற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

கேட்டுக்கொண்டே வருகிறேன். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று இருந்துவிடலாம். ஆமாம் செங்கமலம், மனசு இறங்கித்தான் போட்டேன் என்றுகூடச் சொல்லலாம், அதில் யாருக்கு என்ன கெடுதல், அவளுக்கும் நிம்மதி, எனக்கும் ஓரகத்தி திரும்பக் கிடைத்துவிடுவாள், நாளைக்குக் காலையில் வரப்பில் நின்று பூ எப்படி என்று கேட்டுக்கொள்ளலாம், நல்ல வார்த்தை ஒன்றுதானே. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் பாதத்தில் அந்தச் சூடு இன்னும் இருக்கிறது. "இல்ல செங்கமலம்" என்றேன். "மனசு எறங்கிப் போடல. எம் மாலையைத் தின்னுருச்சுன்னு தெரிஞ்சுதான், அதை மறைக்கறதுக்கு உன்னோடதைப் போட்டேன். மாலை யாரோடதுன்னு மாமா கேட்டப்பவும் தெரிஞ்சுதான் சும்மா நின்னேன். நீ மண்டி போட்டப்பவும் நின்னேன்." அவள் நிமிரவில்லை. பூவை நீவிக்கொண்டிருந்த விரல் நின்றது. வண்டி ஒரு வளைவு திரும்பியது, இன்னொரு வளைவு திரும்பியது. திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று பார்த்தேன். அவள் மாலையை மடியிலிருந்து எடுத்து எங்களுக்கு நடுவில் பலகைமேல் வைத்தாள், கிடாவின் விலாவில் மறுபடி கைவைத்தாள். பிறகு சொன்னாள்.

"தலையைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. மூச்சு வாங்குது."

தூக்கிப் பிடித்தேன். அவள் அக்கா என்று சொல்லவில்லை.